புறம்போக்கும் பைமாஷும்: நிலக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பழைய நிலப் பதிவுகள் குறித்துக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஒன்பது கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் தொட்டு எழுதப்பட்ட வருவாய்க் கணக்குகள் எல்லாமே 'இந்த நிலத்துக்கு வரி கட்ட வேண்டியவர் யார்?' என்ற ஒரு கேள்விக்கான விடைகள். உழுதவர் யார், நாற்று நட்டவர் யார், மடை திறந்தவர் யார் என்று அவை கேட்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தத் தாள்கள் நிறையச் சொல்லும். மறந்துவிட்டுப் படித்தால் ஏமாற்றிவிடும்.

கே: கொள்ளுத்தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் 'பைமாஷ் நம்பர்' என்றும் '2 காணி 30 குழி' என்றும் இருக்கிறது. இன்றைய சர்வே எண்ணையும் பரப்பையும் எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மேடவாக்கம்)

ப: பரப்பை முதலில் பார்ப்போம். சென்னை, செங்கல்பட்டு வட்டாரக் கணக்கில் ஒரு கோல் என்பது 24 அடி. ஒரு சதுரக் கோல் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. 57,600 சதுர அடி. இதை 24 ஆகப் பிரித்தால் கிடைப்பது 2,400 சதுர அடி. இன்றும் மனைத் தரகர் வாயில் புழங்கும் 'கிரவுண்டு' அதுதான். உங்கள் 2 காணி 30 குழி, 1,32,480 சதுர அடி ஆகிறது. ஏக்கரில் 3.04, கிரவுண்டில் 55.2, ஹெக்டேரில் ஏறத்தாழ 1.23.

தவறு நேரும் இடம் குழி. தஞ்சைப் பக்கம் கோல் 12 அடி, குழி 144 சதுர அடிதான். அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. (மா என்றாலே இருபதில் ஒரு பங்கு என்று பழைய கீழ்வாய்க் கணக்கு சொல்கிறது.) ஐந்து காணி சேர்ந்தால் சரியாக ஒரு வேலி, 2,88,000 சதுர அடி. உங்கள் பத்திரத்தின் 30 குழிக்குத் தஞ்சைக் குழியைப் போட்டுப் பார்த்தால் 5.4 கிரவுண்டு காணாமல் போய்விடும். அதோடு, இந்த வாய்ப்பாடு கம்பெனி அரசு ஒழுங்குபடுத்திய பிறகு வந்தது. அதற்கு முன்பு ஊருக்கு ஊர் கோலின் நீளம் வேறு. ஆகவே மிகப் பழைய பத்திரத்தின் பரப்பை மட்டும் நம்பி வழக்குக்குப் போக வேண்டாம்.

அடுத்து எண். 1858-க்குப் பிறகு சங்கிலியும் தியோடலைட்டும் வைத்து நடந்த ரெவின்யூ சர்வேக்கு முந்தைய அளவைதான் பைமாஷ். அதில் எண்ணும் பரப்பும் இருக்கும். நம்பத்தக்க வரைபடம் பெரும்பாலும் இராது. எனவே பைமாஷ் எண்ணிலிருந்து இன்றைய எண்ணுக்கு ஒரே தாவலில் வர முடியாது. வரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் 'முந்தைய எண்' என்ற பத்தி இருக்கும். அதில் பைமாஷ் எண்ணைத் தேடி, எதிரே உள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த நில உடமை மேம்பாட்டுத் திட்டத்தின், அதாவது யு.டி.ஆர். திட்டத்தின், அ-பதிவேட்டை, அதாவது கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேட்டை, எடுங்கள். அதிலும் 'பழைய புல எண்' பத்தி உண்டு. ஏக்கர் ஹெக்டேராக மாறியது இந்தக் கட்டத்தில்தான். உட்பிரிவு எண்கள் குழம்பியதும் பெரும்பாலும் இங்கேதான். மாநகர எல்லைக்குள் வந்துவிட்ட கிராமமானால் இன்னொரு படி கூடும்: சர்வே எண்ணிலிருந்து நகர சர்வே எண், வார்டு, பிளாக்.

எண் கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பத்திரத்தின் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளை, புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்பது அந்த இன்னாரோடு போய்விடும். 'ஏரி வரத்துக்காலுக்குத் தெற்கு', 'வண்டிப்பாட்டைக்கு மேற்கு' என்பவை நூறு ஆண்டு தாங்கும். நான்கில் இரண்டு எல்லையாவது இப்படி அசையாததாக அமைந்து பொருந்தினால்தான் எண்ணை நம்பலாம்.

கே: பழைய வரி ரசீதில் பசலி 1321 என்று உள்ளது. ஆங்கில ஆண்டு எது? (வாசகி, வளசரவாக்கம்)

ப: 590 கூட்டுங்கள். 1911 ஜூலை முதல் 1912 ஜூன் வரை. ரசீதில் தேதி ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே இருந்தால் 591 கூட்டினால் சரியாக வரும். அறுவடை வரவை ஒட்டி முகலாயர் காலத்தில் வந்த ஆண்டுக்கணக்கு இது. கிராமக் கணக்கும் அதை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியும் இன்றும் இதில்தான் நடக்கின்றன.

கே: எங்கள் வீட்டாரை ஊரில் 'மிராசுதார்' என்பார்கள். ஜமீன்தாரும் மிராசுதாரும் ஒன்றா? (வாசகர், தாம்பரம்)

ப: இல்லை. ஜமீன்தார் அரசுக்கும் குடிகளுக்கும் நடுவே நின்று, பல ஊர்களின் வரியைத் திரட்டி, நிரந்தரமாக நிர்ணயித்த ஒரு தொகையைக் கட்டியவர். சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 25-ஆவது ரெகுலேஷன் அவருக்குச் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்தது. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்றவை அப்படி. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு அது முடிந்தது.

மிராசு வேறு. சொல் அரபுமொழி வழி வந்தது. பொருள் நம்முடைய பழைய காணியாட்சி. ஓர் ஊரின் விளைச்சலிலும் தரிசிலும் கிராம வருமானங்களிலும் பரம்பரையாக வரும் பங்கு அது. தொண்டை மண்டலத்தில் பல ஊர்களில் மிராசு வயலாக இல்லாமல் பங்காகவே இருந்தது. குறித்த கால இடைவெளியில் வயல்களைப் பங்காளிகளிடையே மாற்றிக்கொள்வார்கள். அதற்குக் கரையீடு என்று பெயர். மாற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ள ஊர் பசுங்கரை; நிரந்தரமாகப் பிரித்துக்கொண்ட ஊர் அறுதிக்கரை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இல் மிராசு பற்றிய பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடைகளில் இதெல்லாம் விரிவாக உண்டு.

நிலத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். ஊரிலேயே தங்கிப் பரம்பரையாகப் பயிரிட்டவர் உள்குடிப் பாயக்காரி, வெளியூரிலிருந்து வந்து பயிரிட்டவர் பரக்குடிப் பாயக்காரி, அவர்களுக்கும் கீழே படியாளும் பண்ணையாளும். ஒவ்வொரு குடியிடமும் அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்தபோது இத்தனை அடுக்குகளில் யாராவது ஒருவர் பெயரைத்தான் பட்டாவில் எழுத முடிந்தது. பெரும்பாலும் மிராசுதார் பெயர் ஏறியது. களத்தில் நெல்லை அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நீர்பாய்ச்சி ஆகியோருக்குப் போன மேரை, சுதந்திரம் என்ற தானியப் பங்குகளும் அந்தத் தாளில் இடம்பெறவே இல்லை. ஓர் ஊரின் உறவுகள் ஒரு வரிப் பதிவாகச் சுருங்கிய இடம் அதுதான் என்பது எங்கள் கருத்து.

கே: ரயத்துவாரியில் 'நிகர விளைச்சலில் பாதி' வரி என்று படித்தேன். அதை எப்படிக் கணக்கிட்டார்கள்? நியாயமானதுதானா? (கல்லூரி மாணவி, தரமணி)

ப: அண்ணா சாலையில் தீவுத்திடல் அருகே அங்கவடி இல்லாத குதிரை மேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவைப் பார்த்திருப்பீர்கள். 1792-இல் பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இருந்து பயின்ற முறையை, 1820-இல் ஆளுநராக வந்த பின் மாகாணத்தின் பொது விதியாக்கியவர் அவர். இடைத்தரகர் வேண்டாம், ஒவ்வொரு குடியோடும் அரசு நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும் என்பது கொள்கை. ஆனால் தொடக்கக் கால வரி கண்மூடித்தனமாக உயர்ந்தது. தண்டல் செய்யக் கிட்டி, அண்ணாந்தாள் போன்ற சித்திரவதைகள் நடந்ததை 1855-ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 1864-இல்தான் உறுதியானது.

செய்முறை இதுதான். மண்ணை வயனம் (வகை), ரகம் (தன்மை) என்று பிரிப்பார்கள். நஞ்சைக்கு நெல், புஞ்சைக்குக் கம்பு, கேழ்வரகு, சோளம் போன்ற ஓர் அளவுகோல் தானியம். அறுவடைச் சோதனை வைத்து ஏக்கருக்குச் சராசரி விளைச்சல். அதில் பருவம் பொய்ப்பதற்கும் வரப்பு, வாய்க்கால் போன்ற பயிரேறாத இடத்துக்கும் ஒரு கழிவு. மிச்சத்தைச் சுமார் இருபதாண்டுச் சராசரி விலையில், பஞ்ச ஆண்டுகளை விட்டுவிட்டு, ரூபாயாக்குவார்கள். வண்டிக்கூலிக்கும் வியாபாரி லாபத்துக்கும் இன்னொரு கழிவு, பிறகு சாகுபடிச் செலவு. எஞ்சியதில் பாதி தீர்வை.

புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துப் பார்ப்போம். ஏக்கருக்கு 1,200 படி நெல். ஐந்தில் ஒன்று கழித்தால் 960. ரூபாய்க்கு 40 படி என்றால் 24 ரூபாய். எட்டில் ஒன்று கழித்தால் 21. சாகுபடிச் செலவு 9 போக 12. பாதி 6 ரூபாய். இப்படிக் கிடைத்த தொகையை ஒட்டியே நிலம் 'தரம்' என்ற படிகளில் ஏற்றப்படும். இன்றைய அ-பதிவேட்டிலும் 'மண் வயனமும் ரகமும்', 'தரம்', 'தீர்வை வீதம்' என்ற பத்திகளைக் காண்பீர்கள். அவை இந்தக் கணக்கின் எச்சங்கள்.

நியாயமா என்று கேட்டீர்கள். தாளில் நிதானமான கணக்கு, வயலில் கடுமையானது. அந்த 9 ரூபாய்ச் செலவில் வீட்டாரின் உழைப்பு குறைவாகவே மதிக்கப்பட்டது. விலை இருபதாண்டுச் சராசரி, ஆனால் கிஸ்தி, அதாவது வரித் தவணை, கேட்கப்பட்டது அறுவடை முடிந்து நெல் மலிந்து கிடக்கும் மாதங்களில். சராசரி விலைக்கு விற்கக் காத்திருக்க முடிந்தவர் பணமுள்ளவர். முடியாதவர் கடன்காரரிடம் போனார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தொகை முப்பதாண்டுக்கு நிலையானது. 1930-களின் உலக மந்தத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தபோதும் பட்டாவில் எழுதிய ரூபாய் அப்படியே நின்றது. பழைய வாரமுறை எவ்வளவு கொடியதாக இருந்தாலும், விளையாத ஆண்டில் மேல்வாரமும், அதாவது விளைச்சலில் அரசின் பங்கும், தானாகக் குறையும். ரொக்கத் தீர்வையில் அது நடக்காது. வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்டு மனுப் போட வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும், அதற்குள் காய்ந்த பயிரை மாட்டுக்கு அறுத்துவிடவும் கூடாது. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்ததன் பின்னணியை இங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

கே: பக்கிங்காம் கால்வாய் பஞ்ச காலத்தில் வெட்டியது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கோட்டூர்புரம்)

ப: கால்வாய் முழுவதும் அல்ல. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும், நகருக்குள் ஓடும் சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டுதான் 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகன் பெயரே கால்வாய்க்கும் வந்தது.

அது தாது வருடப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்தது தொடக்கம் மட்டுமே. ரொக்கத் தீர்வைக்காக ஆண்டுதோறும் விற்றுத் தீர்த்த குடியிடம் சேர்கட்டிய தானியம் இல்லை. ரயில் வந்த இடங்களில் தானியம் பசியைத் தேடிப் போகவில்லை. விலையைத் தேடிப் போனது. நிவாரணப் பணியில் ஆண் ஒருவருக்கு நாள்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று 1877 தொடக்கத்தில், இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். நாளெல்லாம் மண் வெட்டும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த நேர்ந்தது. 1871-இல் மூன்று கோடியே 12 லட்சமாக இருந்த மாகாண மக்கள்தொகை, பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கில் சுமார் மூன்று கோடியே 8 லட்சம். வளர்ந்திருக்க வேண்டிய தொகை குறைந்து நின்றது. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது நினைக்க வேண்டிய மனிதர்கள் அவர்கள்.

கே: ஏரிகள் கெட்டதற்கு வெள்ளைக்காரன் காரணமா, நாம் காரணமா? (வாசகர், அம்பத்தூர்)

ப: இரண்டு தரப்பும் உண்டு, ஆனால் வரிசையைப் பார்க்க வேண்டும். ஏரி என்றால் கரை மட்டும் அல்ல. மேலே வரத்துக்கால், உள்ளே நீர்ப்பிடிப்பு, கரையில் மதகு, உபரிக்குக் கலங்கல், கீழே போக்குக்காலும் அடுத்த ஊர் ஏரியும். இதைப் பராமரிக்க ஊர் விளைச்சலிலிருந்தே ஏரி மேரை ஒதுக்கப்பட்டது. கரை பழுதுபார்ப்பவருக்குத் தசபந்தம் என்ற மானிய நிலம் இருந்தது. கம்பெனி அரசு அந்த ஒதுக்கீடுகள் பலவற்றை வரிக்கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், பணிக்காக விடப்பட்டிருந்த பல மானியங்களைத் தனிச்சொத்தாக்கியது. வருமானம் போனது, வேலை மட்டும் 'குடிமராமத்து' என்ற பெயரில் குடிகள் தலையில் நின்றது. வராவிட்டால் தண்டிக்க அதே 1858-இல் சட்டமும் போட்டார்கள். கூலியில்லாத கட்டாய வேலையை யார் மனமுவந்து செய்வார்கள்? விதிவிலக்காகச் சில அதிகாரிகள் உழைத்ததும் உண்மை. 1790-களில் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்ட லயோனல் பிளேஸ் ஒருவர்.

ஏரி சாகும் விதம் எங்கும் ஒன்றுதான். வரத்துக்காலில் தூர் வாராததால் வண்டல் உள்ளே சேரும். கொள்ளளவு குறைய, ஆயக்கட்டுக்காரர், அதாவது ஏரிப் பாசன நிலக்காரர், கலங்கலில் பலகையோ மணல்மூட்டையோ வைத்து மட்டத்தை உயர்த்துவார்கள். நீர் பின்புறம் ஏறி முன்கரைப் பட்டா நிலங்களை முழுக்கும்; அந்த நிலக்காரர்கள் இரவில் கலங்கலை உடைப்பார்கள். அவர்களும் உடைக்காத ஆண்டில் கரை உடையும். பிற்பாடு நகரம் வந்தது. தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் நீண்ட ஏரியின் படுகையில்தான் எழுந்தது. நுங்கம்பாக்கத்து 'லேக் ஏரியா' பெயரும் அந்த ஏரியின் நினைவுதான்.

கே: மந்தைவெளி உண்மையிலேயே மந்தை நின்ற வெளியா? (வாசகி, மந்தைவெளி)

ப: பெயர் சொல்வது அதைத்தான். வரிக்கணக்கின் புறத்தே போனது புறம்போக்கு. மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு, வண்டிப்பாட்டை, ஏரிப்படுகை எல்லாம் அதில் அடங்கும். வரி இல்லை என்றால் பயனில்லை என்று அர்த்தமல்ல. ஊரே பயன்படுத்தியதால்தான் ஒருவர்மேல் வரி எழுதவில்லை. 1905-ஆம் ஆண்டு 3-ஆவது சட்டம், தனியார் உரிமை நிலைநாட்டப்படாத நீர்வழி, பாட்டை, தரிசு எல்லாவற்றையும் அரசின் சொத்து என்று எழுதியது. தலைமுறையாக மாடு மேய்த்தவர் அன்றிலிருந்து ஆக்கிரமிப்பாளர். அந்தச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் 'பி மெமோ' என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கிறார்கள்.

கே: நாங்கள் வாங்க நினைக்கும் மனை பஞ்சமி நிலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் பெயர் திதியால் வந்ததா? (வாசகர், சோழிங்கநல்லூர்)

ப: திதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கு வருணத்துக்கு வெளியே ஐந்தாமவர் என்று தள்ளிவைத்த 'பஞ்சமர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு தர்க்காஸ்து மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. அதனால் உழைப்பவருக்கு ஒரு செண்டு கூடக் கிடைக்கவில்லை என்பது அதில் முக்கியமான செய்தி. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் வருவாய்த் துறை அரசாணை அதன் விளைவு. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. நிபந்தனை தெளிவானது: முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறிய கிரயம் செல்லாது.

சரிபார்க்க, இன்றைய பட்டாவும் சிட்டாவும் போதாது. வில்லங்கச் சான்றும் போதாது, ஏனென்றால் அது பதிவான பத்திரங்களைக் காட்டுமே தவிர ஒப்படை நிபந்தனையைக் காட்டாது. யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். குறிப்புப் பத்தியில் 'டி.சி.' (டிப்ரெஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) அல்லது 'கண்டிஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். இந்தக் குறிப்பு யு.டி.ஆர். பதிவேட்டுக்கு நகலெடுக்கும்போது பல இடங்களில் விடுபட்டுவிட்டது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பழைய பதிவேட்டில் தீர்வை ஏற்பட்ட தரிசாக இருந்த நிலம் பின்னர் யார் பெயருக்கு, எந்த உத்தரவின்படி ஒப்படையானது என்ற கோப்பையும் கேளுங்கள். விற்பவர் 'நாலு கை மாறிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது' என்பார். நாலு கை மாறினாலும் நிபந்தனை நிலத்தோடு நிற்கிறது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணை ஊரில் இந்த நிலத்தை மீட்கப் போராடிய இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். மனை வாங்கும் முன் அந்த ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது பணத்தைக் காப்பது மட்டும் அல்ல, அடுத்தவர் உரிமையைக் காப்பதும்கூட.

கே: எங்கள் ஊரின் பழைய வரலாற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்)

ப: ஊர்ப் பெயரைச் சொல்லி 'எல்லாம் கொடுங்கள்' என்றால் ஒன்றும் கிடைக்காது. முதலில் ஆராய்ச்சி அனுமதி வாங்குங்கள். பிறகு காலத்தைக் குறுக்குங்கள், பத்தாண்டுக்குமேல் வேண்டாம். 1786-இல் அமைந்த ரெவின்யூ போர்டின் நடவடிக்கைத் தொகுதிகள்தான் நிலத்துக்கு முதன்மை மூலம். அவற்றுக்கு ஆண்டுவாரியான பொருளடைவு உண்டு. அதில் மாவட்டத்தின் கீழ் 'ஏரி', 'வஜா', 'மிராசு', 'இனாம்' போன்ற பொருள்களைத் தேடி, தேதியையும் தொகுதி எண்ணையும் பக்கத்தையும் குறித்து, அதன்பின் சீட்டு எழுதுங்கள். இன்று மாநகருக்குள் இருக்கும் மாம்பலம் போன்ற ஊர்கள் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தன. சென்னை மாவட்டத்தில் தேடினால் ஏமாறுவீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஊர்ப் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

படிக்கும்போது ஒரு பழக்கம் உதவும். கலெக்டரின் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதோடு இணைத்த மனுவின் மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். உள்குடிகளும் படியாள்களும் வரித் தாளில் இல்லாமல் போனாலும், மனுக்களில் சில சமயம் பேசுகிறார்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் தொகுதியைத் தரமாட்டார்கள். அதே செய்தி அரசின் வருவாய்த் துறை நடவடிக்கைகளிலும் நகலாக இருக்க வாய்ப்புண்டு, எனவே அடுத்த சீட்டை அதற்கு எழுதுங்கள். பென்சில் எடுத்துப் போங்கள். பழைய தாள்களுக்குப் பக்கத்தில் பேனா ஆகாது.